மஞ்சள் நம்பர் வண்டிகள் போகும் பக்கம்

"வழி கேக்க வெக்கப்படுறவுகளுக்குத்தான் தாயி அந்த டப்பா. ஒனக்கு ரொம்பப் பொருத்தமா இருக்கும்."

வேனின் முன்கண்ணாடியில் ஜி.பி.எஸ். கருவியை முதல்முதலாக நான் ஒட்டிக்கொண்டிருந்தபோது, டீ டம்ளரோடு பக்கத்தில் வந்து நின்ற முத்து அண்ணன் சொன்னது இது. நம் கம்பெனியின் மூத்த டிரைவர் அவர். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்து பல வருடம் ஆகியும் ஊர்ப் பேச்சு மாறாதவர். லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்னது உண்மை. அது அவருக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் புரியவில்லை.

சங்கீதா, ஜெனிஃபர், திங்கட்கிழமை முதல் நீங்கள் இருவரும் அந்த வேனை மாற்றி மாற்றி ஓட்டப்போகிறீர்கள். சாவியும் வண்டிப் புத்தகமும் கருவியும் டிஸ்பேட்ச் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியும். கருவியின் பட்டன்களைத் தெரிந்துகொள்ள அதோடு வந்த சின்னப் புத்தகம் போதும். அதில் இல்லாதவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். பெரும்பாலும் நான் செய்த தவறுகள்தான். அதே தவறுகளை நீங்களும் செய்ய வேண்டாம். புதிதாக வேறு ஏதாவது செய்யுங்கள்.

நான் இந்த வேனில் ஏறியதே ஒரு நிபந்தனையின் பேரில்தான். டிப்ளமோ முடித்துவிட்டு பேக்கிங்கில் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஆசைக்கு லைசென்ஸ் எடுத்து, சரக்கு வண்டி ஓட்டத் தேவையான பேட்ஜும் வாங்கி வைத்திருந்தேன். டிரைவர்களில் ஒருவர் திடீரென்று வேலையை விட்டு நின்றபோது, நேராக முதலாளி அறைக்குப் போய், "நான் ஓட்டறேன் சார்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நம்ம சரக்கு லேட்டா போனா என்னாகும், தெரியுமா?"

"கஸ்டமரோட லைன் நின்னுடும் சார்."

நாம் செய்வது இயந்திரங்களுக்குள் போகும் சின்னச் சின்ன உலோக வளையங்கள்தான், புஷ்களும் வாஷர்களும். ஆனால் வாங்குகிற பெரிய கம்பெனிகள் அவற்றை அரை நாளுக்கு மேல் இருப்பில் வைத்துக்கொள்வதில்லை. நம் பெட்டி வராவிட்டால் உற்பத்தி லைன் நின்று, அங்கே நூறு பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

"மூணு மாசம் பாக்கலாம்" என்றார் முதலாளி. "உன்னால ஒரு லைன் நின்னுச்சுன்னா மறுநாளே பேக்கிங் டேபிளுக்குத் திரும்பிடணும். அப்புறம் வந்து அழக் கூடாது."

"சரிங்க சார்."

தன் காருக்காகப் பெங்களூரில் வாங்கிய கருவியை அவரே கழற்றிக் கொடுத்தார். நான் ரோட்டுக்குப் புதுசு, இது கூட இருக்கட்டும் என்று நினைத்திருப்பார். எனக்கு அது வரமாக இருந்தது. ஏன் என்று சொன்னால்தான் முத்து அண்ணனின் பேச்சு எங்கே குத்தியது என்று உங்களுக்குப் புரியும்.

எங்கள் குடும்பத்தில் எழுத்துப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரியாது. அம்மா பசுமைக்குடிலில் ரோஜா வெட்டும் வேலை செய்கிறார். சின்ன வயதில் தேன்கனிக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு அவரோடு போனால் எனக்கு உடம்பெல்லாம் கூசும். வருகிற ஒவ்வொரு பஸ்ஸின் பக்கத்திலும் நின்று, யாரையாவது பிடித்து வழி கேட்டுக்கொண்டிருப்பார். மூன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்க வந்ததும், அவர் வாய் திறப்பதற்குள் பலகையைச் சத்தமாகப் படித்துவிடுவேன். "இனிமே நீ யார்கிட்டயும் கேக்காத. நான் படிச்சிச் சொல்றேன்" என்று அவரிடம் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. அவர் பெருமையாகச் சிரித்தார். அன்று முதல் பல வருடம் நான் யாரிடமும் வழி கேட்டதில்லை. தெரியாமல் சுற்றினாலும் சுற்றுவேனே தவிர, கேட்க மாட்டேன்.

அப்படிப்பட்டவளிடம் கேட்காமலே வழி சொல்லும் ஒரு கருவியைக் கொடுத்தால் எப்படி இருக்கும்?

உள்ளங்கை அளவு திரை. ஊதா நிறத்தில் ஒரு கோடு. இங்கிலீஷில் பேசும் ஒரு பெண் குரல். அவள் 'சூளகிரி' என்று சொல்வதை நாலு முறை கேட்ட பிறகுதான் அது நம் சூளகிரி என்று புரியும். லோடு ஏற்றுபவர்கள் அவளுக்கு 'மிஸ்' என்று பெயர் வைத்தார்கள். இங்கிலீஷ் பேசுகிறாள், தப்பாகத் திரும்பினால் கண்டிக்கிறாள், வேறு என்ன பெயர் வைப்பது? "மிஸ் இன்னிக்கு எந்தப் பக்கம் போவச் சொன்னாங்க?" என்று தினமும் ஒருவர் கேட்பார்.

முதல் வாரமே மிஸ் என்னை ஒரு பெரிய கம்பெனியின் அழகான முன்வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். புல்வெளி, கொடிக்கம்பம், சல்யூட் அடிக்கும் செக்யூரிட்டி எல்லாம் இருந்தன. சரக்கு இறக்க மட்டும் வழியில்லை. மெட்டீரியல் கேட் பின்பக்கத்து ரோட்டில் இருந்தது. சுற்றிக்கொண்டு போக இருபது நிமிடம் ஆனது. அன்று ஒரு பழக்கத்தை ஆரம்பித்தேன். சரக்கு இறக்கும் கேட்டின் எதிரில் வண்டியை நிறுத்தி, அந்த இடத்தைக் கருவியில் பதிவு செய்துவிடுவேன். திரையில் ஒரு சின்னக் கொடி முளைக்கும். அடுத்த முறை கம்பெனியின் பெயரைத் தேட வேண்டாம், கொடியைத் தொட்டால் போதும். நீங்களும் புதிதாகப் போகும் ஒவ்வொரு கேட்டிலும் இதைச் செய்யுங்கள். சரக்கு இறக்கிய களைப்பில் நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

ஒரு நாள் காலையில் அம்மாவை வேலைக்கு இறக்கிவிடுவதற்காக வேனில் ஏற்றிக்கொண்டேன். மிஸ் பேச ஆரம்பித்ததும் அம்மா திரையைக் குனிந்து பார்த்தார்.

"யாரு பாப்பா இவ? இவ்ளோ சொல்றாளே."

"ரோடெல்லாம் இவளுக்கு மனப்பாடம்மா."

"யார்கிட்டயும் கேக்கவே மாட்டாளா?"

"எதுக்குக் கேக்கணும்? எல்லாம் உள்ள இருக்கு."

அம்மா அந்த ஊதாக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். இறங்கும்போது, "ஒன்ன மாதிரியே இருக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வாரம் நடந்தது இது. பேரிகைப் பக்கத்தில் ஒரு முலாம் பூசும் பட்டறையிலிருந்து உருப்படிகளை எடுத்து வர வேண்டும். பூச்சுக்குப் போக வேண்டிய இன்னொரு லோடு வண்டியில் இருந்தது. பாகலூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ரோடு இரண்டாகப் பிரிந்தது. பிரியும் இடத்தில் ஒரு டீக்கடை. கடைக்கார அம்மா அடுப்பு முன் நின்றபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மிஸ் வலது பக்கம் திரும்பச் சொன்னாள். குறைந்த தூரமுள்ள வழியைக் காட்டும்படி நான்தான் அமைத்து வைத்திருந்தேன். திரும்பினேன்.

நல்ல ரோடு. இரண்டு பக்கமும் நீலகிரி மரங்கள். கொஞ்ச தூரம் போனதும் ஒரு பெட்டிக்கடைப் பலகை வந்தது. எழுத்துகள் வட்ட வட்டமாக இருந்தன. அடுத்த பலகையும் அப்படித்தான். கன்னடம் எனக்குப் பேசினால் பாதி புரியும், படிக்க வராது. எனக்கு விவரம் தெரிந்து, ஒரு பலகையைப் படிக்க முடியாமல் நான் முழித்தது அன்றுதான். பஸ் ஸ்டாண்டில் அம்மாவுக்கு தினமும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஒரு நொடி தோன்றியது. அதற்குள் எதிரில் நின்ற வாகனச் சோதனை ஜீப்பிலிருந்து கை நீண்டது.

"பர்மிட் எல்லிம்மா?" பர்மிட் எங்கே என்கிறார்.

"சார், நான் பேரிகை போறேன் சார். தமிழ்நாடு."

அதிகாரி சிரித்தார். நான் நிற்பது கர்நாடகத்தில் என்று விளக்கினார். நம் மாநிலத்துக்குள்ளேயே ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போகும் ரோடு, நடுவில் மூன்று கிலோமீட்டர் அவர்கள் மாநிலத்துக்குள் நுழைந்து வெளியே வருகிறது. சரக்கு வண்டிக்கு அந்த மூன்று கிலோமீட்டருக்கும் பர்மிட் வேண்டும், சரக்குக்குத் தனியாகக் காகிதம் வேண்டும். என்னிடம் இரண்டும் இல்லை.

"இதுதான் சார் காட்டுச்சு" என்று கருவியைக் காண்பித்தேன்.

அவர் ஜன்னல் வழியாகத் தலையை விட்டு அதைப் பார்த்தார். பிறகு என் லைசென்ஸைப் புரட்டியபடி, "லைசென்ஸ் நிம்தா, இதரதா?" என்றார். உன்னுடையதா, இதனுடையதா என்று கேட்கிறார். கூட இருந்த காவலர் வாயைப் பொத்திக்கொண்டார். நான் ஓரமாகப் போய் நின்று கம்பெனிக்குப் போன் செய்தேன்.

முத்து அண்ணன் காகிதங்களோடு வந்து, அபராதம் கட்டி என்னை மீட்பதற்கு இரண்டரை மணி நேரம் ஆனது. வருகிற வழியிலேயே பட்டறைக்குப் போய், முடிந்த உருப்படிகளைத் தன் வண்டியில் ஏற்றி வேறு ஆள் மூலம் அனுப்பிவிட்டு, அங்கிருந்து ஒருவரின் பைக்கில் வந்திருந்தார். அதனால்தான் அன்று எந்த லைனும் நிற்கவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. டப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

திரும்பும்போது அந்த டீக்கடையில் நிறுத்தினோம். கடைக்கார அம்மா என்னைக் கண்டதும், "புடிச்சிட்டாங்களா?" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாம என்னா? மஞ்சா நம்பர் வண்டிங்க எல்லாம் எடது பக்கமாத்தான் போவும். வெள்ள நம்பர் காருங்கதான் வலது பக்கம். எத்தினி வருசமா பாக்கறேன்! ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே கண்ணு."

நம்பர் பலகை மஞ்சளாக இருந்தால் வாடகைக்கோ சரக்குக்கோ ஓடும் வண்டி, வெள்ளையாக இருந்தால் சொந்த வண்டி. அவ்வளவுதான் கணக்கு. அந்த அம்மாவுக்குப் பர்மிட் சட்டம் எதுவும் தெரியாது. வண்டிகள் போகும் பக்கத்தைப் பார்த்தே தெரிந்துவைத்திருந்தார். மூன்று மாநிலங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் நம் பக்கத்தில் ஒவ்வொரு பிரிவிலும் இப்படி இரண்டு ரோடுகள் இருக்கின்றன. மிஸ்ஸுக்கு ரோடு தெரியும். எல்லையைக்கூட ஒரு மங்கலான புள்ளிக்கோடாகக் காட்டுவாள், திரையைப் பெரிதாக்கிப் பார்த்தால். ஆனால் என் வண்டியின் நம்பர் பலகை என்ன நிறம் என்று அவளுக்குத் தெரியாது.

முதலாளி அன்று மாலை, "இன்னொரு தடவ வேண்டாம்மா" என்று மட்டும் சொன்னார். மறுநாள் முதல் அந்தப் புள்ளிக்கோட்டைத் தேடிப் பார்த்த பிறகே வண்டியை எடுத்தேன். அந்த டீக்கடையிலும் ஒரு கொடி நட்டேன். ஆனாலும் யாரிடமும் கேட்க ஆரம்பிக்கவில்லை. எனக்கிருந்த பிடிவாதம் அப்படி.

மூன்று மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. மாம்பழ சீசன். பர்கூர்ப் பக்கம் இருக்கும் ஒரு கம்பெனிக்கு நாற்பது பெட்டி புஷ் கொண்டுபோக வேண்டும். அவர்களிடம் ஒன்றரை மணி வரைக்கும்தான் சரக்கு இருந்தது. முத்து அண்ணன் பக்கத்துக் கம்பெனிக்கான லோடோடு எனக்குப் பின்னால் கிளம்புவதாக இருந்தது. நான் பத்தே முக்காலுக்கு ஓசூரை விட்டேன். சாதாரணமாக ஒன்றே கால் மணி நேரம் ஆகும். நிறைய நேரம் இருந்தது.

குருபரப்பள்ளியை நெருங்கும்போது எல்லா வண்டிகளும் நின்றிருந்தன. இறங்கிப் போய்ப் பார்த்தேன். கிரானைட் ஏற்றிய ஒரு லாரி சாய்ந்து, வீட்டுச் சுவர் அளவு கல் ஒன்று ரோட்டின் நடுவில் கிடந்தது. கிரேன் வர வேண்டும். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. மணி பதினொன்றே முக்கால். வேனுக்குத் திரும்பினேன். மிஸ் அமைதியாக, நேராகப் போகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

காத்திருந்தால் யாரும் என்னைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது. கல் விழுந்தது என் தப்பு இல்லை. ஆனால் முதலாளியின் வார்த்தையில் கல்லுக்கு விலக்கு இல்லை. லைன் நிற்கக் கூடாது, அவ்வளவுதான். கொஞ்சம் முன்னால் இடது பக்கத்தில் வேப்பனப்பள்ளி ரோடு பிரிவது திரையில் தெரிந்தது. ஒரு பால் வண்டி மண் ஓரமாக ஊர்ந்துகொண்டிருந்தது. அதன் பின்னாலேயே போய்த் திரும்பிவிட்டேன். உடனே ஓரங்கட்டி, பர்கூர் கம்பெனியின் ஸ்டோர்ஸ் மேடத்துக்குப் போன் செய்தேன்.

"கிருஷ்ணகிரி பக்கம் வந்துடாத" என்றார் அவர். "எங்க வண்டி ரெண்டு அங்க மாட்டிக்கிச்சு. டவுனுக்குள்ள நுழையவே முடியலையாம். வேற வழி இருக்கா?"

"பாக்கறேன் மேடம்."

"ஒன்றரை மணி. ஞாபகம் வெச்சுக்கோ."

மிஸ் புதுக் கோடு போட்டாள். வேப்பனப்பள்ளி, அங்கிருந்து மகாராஜகடை, பிறகு பர்கூர்ப் பக்கம். கிருஷ்ணகிரியைத் தொடவே இல்லை. மனசு துள்ளியது. வேப்பனப்பள்ளி தாண்டியதும் நிறுத்தி, திரையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஊதாக் கோடு புள்ளிக்கோட்டைத் தாண்டிப் போய், கொஞ்ச தூரம் கழித்துத் திரும்பி வந்தது. இந்த முறை ஆந்திரா. ஜீப் நிற்கலாம், நிற்காமலும் இருக்கலாம். தமிழ்நாட்டுக்குள்ளேயே போக வேறு கோடு இருக்கிறதா என்று தேடினேன். திரை வெறுமையாக இருந்தது.

எதிரில் ஒருவர் பைக்கில் வந்தார். வாயைத் திறந்தேன். பல வருடம் கழித்து, வழி கேட்பதற்காக.

"அண்ணா, இப்படியே போனா மகாராஜகடை போலாமா?"

"போலாம், போலாம்" என்று தலையை ஆட்டிவிட்டு அவர் போய்விட்டார்.

நூறு மீட்டர் ஓட்டியிருப்பேன். கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. அவர் பொய் சொல்லவில்லை. போகலாம்தான். எந்த மாநிலம் வழியாக என்று நான் கேட்கவில்லையே.

அப்போதுதான் பஸ் ஸ்டாண்டில் அம்மா கேட்கும் விதம் நினைவுக்கு வந்தது. "இது ஓசூர் பஸ்ஸா?" என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. "இந்த பஸ் எங்க போவுது?" என்றுதான் கேட்பார். சுற்றி வளைத்துக் கேட்கிறாரே என்று அதற்கும் நான் எரிச்சல்பட்டிருக்கிறேன். "நாமளே ஊர் பேரச் சொல்லிட்டா அவுங்க தலையாட்டிட்டுப் போயிடுவாங்க பாப்பா. அவுங்க வாயால வரணும்" என்று ஒருமுறை சொன்னார். காதில் வாங்காமல் பலகையைப் படித்துக்கொண்டிருந்தேன். எழுத்துத் தெரியாமல் ஊர் ஊராகப் போய் வந்தவர், ஒரு நாளும் தவறான பஸ்ஸில் ஏறியதில்லை.

வண்டியைத் திருப்பினேன். ரோட்டோரத்துக் கீற்றுக்கொட்டகையில் ஒரு பெண் மாங்காய்களைப் பெரிது, சிறிது என்று பிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு டிராக்டர்கள் நின்றிருந்தன. என்னைப் பார்த்ததும், "எக்கடிகி போவாலம்மா?" என்றார். எங்கே போக வேண்டும் என்று அவரே முதலில் கேட்டுவிட்டார்.

"பர்கூர் போவணும்க்கா. மஞ்சா நம்பர் வண்டிங்க எல்லாம் எந்தப் பக்கமா போவும்?"

அவர் எழுந்து வந்து என் நம்பர் பலகையைப் பார்த்தார். "நேரா போனா ஆந்திரா. ஒன்னுது போவாது, புடிச்சிக்குவான்" என்று தமிழுக்கு மாறினார். "நீ ஏரிக்கர மேல போ."

டிராக்டரில் சாய்ந்திருந்தவர் குறுக்கே வந்தார். "ஏரிக்கரயா? இந்தப் புள்ள வேன் ஏறுமா அதுல?"

"ஒன் டிராக்டரு ஏறுது, இது ஏறாதா?"

"நான் ஓட்டறேன், ஏறுது."

"அதுவும் ஓட்டும். லைசென்ஸ் இல்லாமயா வந்திருக்கு? ஒன்கிட்ட இருக்கா மொதல்ல?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டார். அந்த அக்கா தரையில் நாலு மாங்காய்களை வைத்து வழி காட்டினார். முதல் மாங்காய் ஏரிக்கரை. இரண்டாவது மாதா கோயில், அங்கே சோத்தாங்கை பக்கம் திரும்ப வேண்டும். மூன்றாவது ஒரு சின்னப் பாலம். நாலாவது தார் ரோடு. மாம்பழக் கூழ் ஃபேக்டரிக்கு டிராக்டர்கள் போகும் பாதையாம்.

ஏரிக்கரையில் ஏறியதும் மிஸ் பதறிவிட்டாள். திரும்பிப் போ, திரும்பிப் போ என்று ஓயாமல் சொன்னாள். அந்தப் பாதையே அவளுக்குத் தெரியாது. திரையில் ஒரு வெள்ளைப் பரப்பின் நடுவே என் அம்புக்குறி மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது. அவள் குரலை நிறுத்தினேன். திரையை அணைக்கவில்லை. காரணம் சொல்கிறேன். முதல் மாதத்திலேயே பர்கூர் கம்பெனியின் மெட்டீரியல் கேட்டில் ஒரு கொடி நட்டிருந்தேன். ரோடு தெரியாவிட்டாலும், அந்தக் கொடி இன்னும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எந்தத் திசையில் இருக்கிறது என்று கருவிக்குத் தெரியும். பத்தொன்பது கிலோமீட்டர். பதினேழு. பதினாறு. எண் குறையும் வரை நான் தொலைந்துபோகவில்லை. கிட்டே உள்ளதை ஊர்க்காரர்கள் சொன்னார்கள், தூரத்தில் உள்ளதைக் கருவி சொன்னது. இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன்.

மாதா கோயில் வாசலில் போன் அடித்தது. நிறுத்தி எடுத்தேன்.

"ஏ தாயி, எங்க இருக்க?" முத்து அண்ணன். "இங்க குருபரப்பள்ளில மலை மாதிரி கெடக்கு கல்லு. ஒன் வண்டியக் காணோமே."

"நான் மாதா கோயில்கிட்ட இருக்கேண்ணே."

"எந்த மாதா கோயிலு?"

நாலு மாங்காய்களையும் அவருக்குச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

"டப்பா சொல்லுச்சா?"

"டப்பா இந்த ரோட்டப் பாத்ததே இல்லண்ணே. மாங்கா பிரிக்கிற அக்கா சொன்னாங்க."

"கேட்டியா?"

"கேட்டேண்ணே."

"சரி. நானும் வாரேன்" என்று வைத்துவிட்டார்.

பாலத்தைத் தாண்டுவதற்கு முன் ஒருவரிடமும், தாண்டிய பின் இன்னொருவரிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். ஊரின் பெயரை மட்டும் சொல்வேன், பாதையை அவர்களே சொல்ல விடுவேன். தார் ரோடு வந்தபோது மிஸ் கண் விழித்து மறுபடி ஊதாக் கோடு போட்டாள். கொடி இரண்டு கிலோமீட்டரில் இருந்தது. இன்னொரு விஷயமும் அப்போதுதான் புரிந்தது. ஹைவே வழியாக வந்திருந்தால் கம்பெனியைச் சுற்றிக்கொண்டு பின்னால் போக வேண்டும். இந்தப் பாதை நேராக மெட்டீரியல் கேட்டின் எதிரிலேயே போய் முடிந்தது.

மணி ஒன்று பதினேழு. ஸ்டோர்ஸ் மேடம் கேட்டிலேயே நின்றிருந்தார்.

"எப்படி வந்த நீ? பறந்து வந்தியா?"

"பின்னாடி வழியா மேடம்."

"பின்னாடி ஏது வழி?" என்று அவர் எட்டிப் பார்த்தார். வண்டி முழுக்க ஏரிக்கரைச் செம்மண். பதிமூன்று நிமிடத்தில் பெட்டிகள் உள்ளே போய்விட்டன. லைன் நிற்கவில்லை.

முத்து அண்ணன் முக்கால் மணி நேரம் கழித்து வந்து சேர்ந்தார். இறங்கியதும் என் வண்டிக்குள் தலையை விட்டுக் கருவியைப் பார்த்தார்.

"அந்த மாதா கோயில்ல கொடி நட்டியா?"

"நட்டேண்ணே."

"எனக்கும் ஒண்ணு நட்டுக் குடு."

"உங்ககிட்ட டப்பாவே இல்லையேண்ணே."

"மொதலாளிட்டச் சொல்லி வாங்குவோம்" என்றார். கருவியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "எனக்கு இங்கிலீசு வராது தாயி. என்ன சொல்லுறான்னு நீதான் சொல்லித் தரணும்" என்றார். வழி கேட்க வெட்கப்படாத மனிதருக்கு இதைக் கேட்க எவ்வளவு நாள் ஆகியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவருக்காக என் கருவியில் குரலை நிறுத்திவிட்டு, அம்புக்குறியையும் எண்ணையும் மட்டும் வைத்து ஓட்டிக் காட்டினேன். ஒரு வாரத்தில் பழகிவிட்டார்.

மூன்று மாதம் முடிந்தது. முதலாளி கூப்பிடவே இல்லை. அடுத்த நாள் நானே போய் நின்றேன். "சார், மூணு மாசம் முடிஞ்சிடுச்சு."

"எதுக்கு?" என்றார். அவருக்கு நினைவே இல்லை. நான் விளக்கியதும், "லைன் ஒண்ணும் நிக்கலைல்ல? அப்புறம் என்ன, போம்மா. லோடு ரெடியா இருக்கு" என்றார். எனக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது.

அதன் பிறகு இரண்டு வருடம் ஓட்டிவிட்டேன். உங்களுக்கு விட்டுப்போகும் கருவியில் தொண்ணூற்று மூன்று கொடிகள் இருக்கின்றன. கேட்டுகள், பிரிவுகள், மஞ்சள் நம்பர் போகக் கூடாத ரோடுகள். கூடவே ஒரு நீல அட்டை நோட்டு இருக்கும். ஒவ்வொரு பிரிவிலும் யாரிடம் கேட்கலாம் என்று அதில் எழுதியிருக்கிறேன். பாகலூர் தாண்டினால் டீக்கடை அம்மா. வேப்பனப்பள்ளியில் மாங்காய் அக்கா, சீசனில் மட்டும். தேன்கனிக்கோட்டை ரோட்டில் பஞ்சர் கடைக்காரர். யானை இறங்கியிருக்கிறதா என்று அவரிடம் கேட்காமல் சாயங்காலத்தில் அந்தப் பக்கம் போகாதீர்கள், மிஸ்ஸுக்கு யானையைத் தெரியாது. கருவியைப் புதுப்பிக்க மறந்தாலும் பரவாயில்லை, அந்த நோட்டைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். கருவியைக் கண்ணாடியில் பிடித்திருக்கும் ரப்பர்க் கிண்ணி வெயிலில் கழன்று விழும். துடைத்து, துளி ஈரம் வைத்து அழுத்தினால் நிற்கும்.

நான் எங்கே போகிறேன் என்று நீங்கள் இருவரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். கனரக வண்டிக்கான பழகுநர் உரிமம் போன மாதமே வாங்கிவிட்டேன். நேற்று முதல் வகுப்பு. லாரியின் இருக்கை நம் வேனின் கூரை உயரத்தில் இருக்கிறது. முன்கண்ணாடியில் கருவி எதுவும் இல்லை. பயிற்சி கொடுப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து, "ராயக்கோட்டை பக்கமா போம்மா" என்று சொன்னதோடு சரி. கொஞ்ச தூரத்தில் ரோடு இரண்டாகப் பிரிந்தது. பலகை இருந்தது, படித்தேன். படித்த பிறகும் வண்டியை ஓரங்கட்டி, கண்ணாடியை இறக்கி, கீழே பூ கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாவைக் கூப்பிட்டேன்.

"ஏம்மா, பெரிய வண்டிங்க எல்லாம் எந்தப் பக்கமா போவும்?"